பூத்த கரும்பும் ஈர வாய்க்காலும்

போன மாதம் தீயணைப்பு நிலையத்துப் பிள்ளைகள் என்னைக் கூப்பிட்டு ஒரு செல்போனைக் காட்டினார்கள். திரையில் கல்வராயன் மலை பச்சைப் பசேலென்று தெரிந்தது. நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் மினுக் மினுக்கென்று இருந்தது.

"சார், இனிமே எங்க தீப்புடிச்சாலும் செயற்கைக்கோள் பாத்து இதுல புள்ளி வெச்சிடும். நாம தேடிக்கினு அலைய வேணாம்."

"சந்தோஷம்யா. வெச்சது யாருன்னு எந்தக் கலர்ல காட்டும்?"

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்த கையோடு என்னை மாட்டியும் விட்டுவிட்டார்கள். நிலையத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள் படிக்க நாலு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். வாயைக் கொடுத்தவன் நான். எழுதித்தான் ஆக வேண்டும்.

என் பெயர் பழனிவேல். தீயணைப்புத் துறையில் ஃபயர்மேனாகச் சேர்ந்து, நிலைய அலுவலராக ஓய்வு பெற்றேன். பாதி சர்வீசுக்கு மேல் கள்ளக்குறிச்சியில்தான். இப்போது காலையில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதுதான் உத்தியோகம். பிளாஸ்டிக் குழாயைப் பிடிக்கும்போதுகூடக் காலை அகட்டிக்கொண்டு நிற்கிறேன் என்று என் மனைவி கேலி செய்கிறாள். பழகிய உடம்பு, என்ன செய்வது?

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஓடினோம், ஏணி ஏறினோம், ஆளைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினோம், குழாய் சுருட்டினோம். தீயை அணைப்பது எப்படி என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொடுத்தார்கள். அணைத்த பிறகு சாம்பலில் என்ன பார்ப்பது என்பதற்கு ஒரே ஒரு வகுப்பு. அதையும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்ததால் நான் முக்கால்வாசியைத் தூங்கிக் கழித்தேன்.

அந்த வகுப்பை எனக்குத் திரும்ப எடுத்தவர் கல்வராயன் மலையில் வனக்காவலராக இருந்த சடையன். மலையில் கோடைக்கு முன்னால் புல் எரியும். வண்டி ஏறாத இடத்துக்கெல்லாம் பச்சைக் கிளையை ஒடித்துக்கொண்டு நடந்தே போய் அடித்து அணைப்போம். ஒருமுறை அணைத்து முடித்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது, சடையன் ஒரு கல்லைக் காட்டினார். கல்லின் ஒரு முகம் கருகி இருந்தது. மறுபக்கம், கல் மறைத்த இடத்தில், நாலு புல் பச்சையாகவே நின்றது.

"கருகின பக்கத்துலருந்து தீ வந்துதுங்க. அடுத்த கல்லப் பாருங்க. அதுக்கு அடுத்ததப் பாருங்க. அப்புடியே போனா வெச்ச எடத்துக்குப் போயிடலாம்," என்றார்.

போனோம். ஒரு பாறை இடுக்கில் போய் நின்றது. அங்கே ஒரு அடுப்பு, மூன்று கல், கொஞ்சம் தேன்மெழுகு. தேனெடுக்க வந்தவர்கள் புகை போட்டுவிட்டு அணைக்க மறந்து போயிருந்தார்கள். எனக்கு அன்றைக்கு ஏற்பட்ட சந்தோஷம் சொல்லி முடியாது. ஒரு வாரம் கண்ணில் பட்ட கல்லையெல்லாம் புரட்டிக்கொண்டு திரிந்தேன்.

மலையிலிருந்து இறங்கியதும் மாணிக்கவேல் சாரிடம் வந்து சேர்ந்தேன். அவர் எங்கள் நிலைய அலுவலர். ஒல்லி உடம்பு, நூல் கட்டிய மூக்குக் கண்ணாடி. தீ அணைந்த பிறகுதான் அவருக்கு வேலையே ஆரம்பிக்கும். வண்டியில் அவருக்கென்று ஒரு துணிப்பை இருக்கும். அதில் ஒரு சின்னத் துடைப்பம், டீ வடிகட்டி, பழைய கரண்டி, மூடி இறுக்கமான கண்ணாடி பாட்டில் இரண்டு. பிளாஸ்டிக் பையில் எடுத்த மண்ணில் மண்ணெண்ணெய் வாடை நிற்காது, பறந்துவிடும் என்பதால் பாட்டில். தரையில் கரி திட்டுத் திட்டாக இறங்கியிருந்தால் அந்த இடத்து மண்ணைக் கரண்டியால் தோண்டி, மோந்து பார்த்து, பாட்டிலில் அடைத்து, போலீஸ் மூலம் தடய அறிவியல் கூடத்துக்கு அனுப்புவார்.

மோந்து பார்ப்பதில் அவர் வைத்த சட்டம் ஒன்று உண்டு. வாசனை எண்ணெய் தடவிய தலையோடு யாரும் சாம்பல் பக்கம் வரக்கூடாது. "நீ வந்து நின்னா சாம்பலே மல்லிப்பூ மாதிரி மணக்குது, தள்ளிப் போய்யா," என்பார். எங்கள் டிரைவர் சண்முகம் அதனாலேயே வேலை நேரத்தில் தேங்காய் எண்ணெய்க்கு மாறினார்.

எரிந்த இடத்துக்குள் அவர் நேராக நுழைய மாட்டார். முதலில் வெளியே ஒரு சுற்று, பிறகு எதிர்ப்பக்கமாக இன்னொரு சுற்று. அதன் பிறகு வீட்டுக்காரரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுப்பார். எப்படித் தீப்பிடித்தது என்று கேட்கவே மாட்டார். "மொதல்ல எதத் தூக்கிக்கினு வெளிய வந்தீங்க?" என்பதுதான் முதல் கேள்வி. நிஜமாகவே தீக்குப் பயந்து ஓடி வந்தவர்கள் ஏதாவது அசட்டுப் பொருளைத்தான் தூக்கிக்கொண்டு வந்திருப்பார்கள். ஒரு அம்மா பீரோவை விட்டுவிட்டு முறுக்கு அச்சோடு நின்றார். ஒருவர் பாதி தின்ற இட்லித் தட்டோடு நின்றார். ரேஷன் கார்டு, பத்திரம், கல்யாண போட்டோ எல்லாவற்றையும் ஒரே பையில் ஒழுங்காக அடுக்கிக்கொண்டு வந்தவர் என்றால், சார் இன்னொரு டீ சொல்லிவிட்டு நிதானமாக உட்கார்ந்துவிடுவார்.

உளுந்தூர்பேட்டைக்குப் போகும் சாலையில் ஒரு பரோட்டாக் கடை எரிந்த கதையைச் சொல்லாமல் விட முடியாது. கூரைக் கடை, மொத்தமும் போய்விட்டது. முதலாளி தலையில் அடித்துக்கொண்டு அழுதார். கடைக்குக் காப்பீடு இருந்தது. சார் துடைப்பத்தை எடுத்துக் கூட்டிக்கொண்டே போனார். கரண்டி கிடைத்தது, ஆணி கிடைத்தது, உருகிய பாட்டில் கிடைத்தது. திடீரென்று நிமிர்ந்தார்.

"பரோட்டாக் கல்லு எங்க?"

"எரிஞ்சு போச்சுங்க."

"ரெண்டு ஆளு சேந்து தூக்கற இரும்புக் கல்லு எரிஞ்சு போச்சா?"

"அவ்ளோ தீயிங்க சார். ரொம்ப ஜாஸ்தி."

சார் துடைப்பத்தைக் கீழே வைத்தார். "பசிக்குது, வா பழனி," என்று என்னைக் கூட்டிக்கொண்டு நாலு கடை தள்ளி ஒரு ஓட்டலில் போய் உட்கார்ந்தார். அது அந்த முதலாளியின் மச்சான் கடை என்று அவருக்கு எப்படித் தெரியும் என்பது எனக்கு இன்று வரை தெரியாது. பரோட்டா அருமையாக இருந்தது. சார் மாஸ்டரைக் கூப்பிட்டுப் பாராட்டினார். மாஸ்டருக்குப் பெருமை தாங்கவில்லை.

"கை மட்டும் பத்தாதுங்க சார், கல்லும் வேணும். பழைய கடையில பத்து வருஷமா பழகின கல்லு. புதுக் கல்லுல எனக்கு வராதுன்னு கண்டிஷனா சொல்லிட்டேன். அதான் மொதலாளி நேத்தே ஆள வெச்சு இங்க எறக்கிட்டாரு."

தீப்பிடித்தது இன்று. சார் கையைத் துடைத்துக்கொண்டு, மாஸ்டர் சொன்னதை வரி விடாமல் எழுதிக்கொண்டார். சாம்பலில் இருக்க வேண்டியது எது இல்லை என்று தேடும் வித்தையை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். இப்படிப்பட்ட ஒருவரிடம் நாலு வருடம் இருந்தும் நான் பெரிய தப்பு ஒன்று செய்தேன். அதைத்தான் இந்தக் கட்டுரையில் முக்கியமாக எழுத நினைத்தேன்.

அப்போது நான் முன்னணி தீயணைப்பாளராக ஆகியிருந்தேன். மாணிக்கவேல் சார் ஒரு பயிற்சிக்காக விழுப்புரம் போயிருந்தார். இரண்டு நாளைக்கு நிலையத்தில் நான்தான் ராஜா. முதல் நாள் மத்தியானமே வடக்கனந்தலுக்கு மேற்கே ஒரு கிராமத்திலிருந்து போன் வந்தது. கலியமூர்த்தி என்ற விவசாயியின் ஐந்து ஏக்கர் கரும்பு எரிகிறது.

கரும்பு எரிவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் கரும்பை நினைத்தபோது வெட்ட முடியாது. ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வர வேண்டும். நட்ட தேதி வரிசைப்படி உத்தரவு வரும். ஆனால் எரிந்த கரும்பை இரண்டொரு நாளில் அரைக்காவிட்டால் சாறு கெட்டுவிடும் என்பதால், எரிந்த கொல்லைக்கு, அதாவது வயலுக்கு, வரிசையைத் தாண்டி உடனே உத்தரவு கிடைக்கும். அதனால் கரும்பு எரிந்தால் யாருக்கு லாபம் என்று கேட்டால் பதில் சுலபமாக வராது. உத்தரவுக்குக் காத்திருந்து நொந்துபோன சொந்தக்காரரே வைத்திருக்கலாம். ஆகாதவர் யாராவது வைத்திருக்கலாம். வெட்டும் ஆட்களும் வைத்திருக்கலாம். ஏனென்றால் எரிந்த கரும்பில் தோகை, அதாவது காய்ந்த இலை, இருக்காது. உரிக்கும் வேலை கம்மி, உடம்பு அரிப்பும் இல்லை.

சாலை அந்தக் கொல்லைக்கு வடக்கே ஓடுகிறது. வண்டியை அங்கே நிறுத்தி, தீ வடக்கே தாவாமல் பார்த்துக்கொண்டோம். காற்று கிழக்கிலிருந்து அடித்தது. தீ மேற்கே ஓடி, தரிசு நிலத்தையும் ஓடையையும் கண்டு தானாக அடங்கியது. கிழக்கே ஒட்டினாற்போல் கலியமூர்த்தியின் தங்கையின் கரும்பு. ஒரு தோகைகூடக் கருகாமல் தப்பித்தது. நல்ல காலம் என்று எல்லாரும் சொன்னோம்.

பிறகு நான் விசாரணை அதிகாரியாக அவதாரம் எடுத்தேன். கிழக்கு வரப்பில் நடந்தபோது சேற்றில் வழுக்கி விழுந்து, காக்கிப் பேண்ட் முழங்கால் வரை நாறிவிட்டது. எரிச்சலோடு எழுந்தால், எதிரே ஐந்தாறு தீக்குச்சி, பீடித் துண்டுகள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊரில் விசாரித்தால் எல்லாரும் ஒரே பெயரைச் சொன்னார்கள். ஏழுமலை. கரும்பு வெட்டும் ஆட்களுக்கு மேஸ்திரி, மலையடிவாரத்துக்காரர், சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. இரண்டு நாளைக்கு முன்னால் டீக்கடையில் எல்லார் காதிலும் விழும்படி, "இந்தத் தோகைய யாரு உரிச்சுக்கினு வெட்டுவா? ஒரு குச்சி போட்டா வேல முடிஞ்சுது," என்று அவர் சொல்லியிருக்கிறார். அப்போது சிரித்தவர்கள் இப்போது சாட்சி ஆனார்கள்.

நிலையத்துக்கு வந்து அறிக்கை எழுதினேன். கிழக்கு வரப்பில் ஒரே இடத்தில் வேண்டுமென்றே வைக்கப்பட்ட தீ, வெட்டு ஆட்கள் மீது சந்தேகம் என்று ஒரு பக்கம். எழுதியது அவ்வளவு அழகாக இருந்ததால் இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். ஒரு நகல் போலீசுக்குப் போனது. மறுநாள் ஏழுமலையை விசாரணைக்கு என்று ஜீப்பில் ஏற்றினார்கள்.

அதற்கும் மறுநாள் காலை, மாணிக்கவேல் சார் ஊரிலிருந்து வந்து இறங்குகிற நேரத்துக்குச் சரியாக, ஏழுமலையின் மனைவி அஞ்சலை நிலையத்து வாசலில் வந்து நின்றார். கையில் சோற்றுத் தூக்கு. போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகிற வழியில் இங்கே வந்திருக்கிறார்.

"காயிதம் எழுதினது யாருங்க?"

நான்தான் என்றேன்.

"அவருக்கு அடுப்புப் பத்த வெக்கவே வராது சார். எட்டுக் குச்சி கிழிச்சு, எட்டும் அவிஞ்சு, அப்புறம் என்னைக் கூப்புடுவாரு. அவரு போய் அஞ்சு ஏக்கர கொளுத்தினாருன்னு எழுதியிருக்கீங்களே, நெசமாவே பாத்தீங்களா? இன்னொரு தபா போய் நல்லாப் பாருங்க சார். எங்களுக்கு அவர வுட்டா வேற ஆளு இல்ல. ரெண்டு பொண்ணுங்க வூட்டுல சோறு துன்னாம குந்திக்கினு இருக்குது."

கோபமாக ஆரம்பித்தவர் கடைசி வார்த்தைக்கு அழுதுவிட்டார். சார் அவரை உட்கார வைத்தார். என் அறிக்கையை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். படித்து முடித்துவிட்டு என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "எத்தன பக்கம் சுத்தின?" என்று மட்டும் கேட்டார்.

"கெழக்குப் பக்கம் சார்."

"வண்டிய எடு," என்றார். அஞ்சலையிடம், "நீ போய் அவருக்குச் சோத்தக் குடும்மா. நாங்க பாத்துட்டு வர்றோம்," என்றார்.

கொல்லையில் மேற்குப் பாதியை வேறு ஆட்கள் வெட்டி முடித்திருந்தார்கள். கிழக்குப் பாதி கருகி நின்றது. சார் வழக்கம் போல வெளியே இரண்டு சுற்று வந்தார். பிறகு உள்ளே இறங்கி, நின்ற கரும்புகளின் அடியைக் காட்டினார். கிழக்கு ஓரத்துக் கரும்புகள் கிழக்கு முகத்தில் கருகியிருந்தன. வடக்கு ஓரத்தில் பார்த்தால் வடக்கு முகத்தில் கரி. தெற்கு ஓரத்தில் தெற்கு முகத்தில். ஒரே இடத்தில் வைத்த தீ என்றால் எல்லாம் ஒரே மூலையைப் பார்த்துக் கருகியிருக்கும். இது மூன்று பக்கமும் வைத்த தீ. சடையன் கல்லில் காட்டியதையேதான் சார் கரும்பில் காட்டினார். மலையில் படித்ததை வயலில் மறந்துவிட்டேனே என்று எனக்கு அங்கேயே அழுகை வந்தது.

"செத்த எலி எத்தன பாத்த?" என்று சார் கேட்டார்.

யோசித்தேன். ஒன்றுகூடப் பார்க்கவில்லை. கரும்பு எரிந்தால் எலியும் பாம்பும் அங்கங்கே வெந்து கிடக்கும், கொல்லைக்குக் கொல்லை பார்த்திருக்கிறேன். சார் மேற்கே ஓடைக்குக் கூட்டிப்போனார். ஈர மணலில் எலி, கீரி, முயல், ஒரு நரி என்று எல்லாவற்றின் கால் தடமும் கொல்லையிலிருந்து வெளியே போயிருந்தது. உள்ளே வந்த தடம் ஒன்றும் இல்லை. உயிர்கள் தப்பட்டும் என்று ஒரு பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு, மற்ற மூன்று பக்கமும் வைத்திருக்கிறார்கள். இது இந்தப் பக்கத்துக் கரும்புக்காரர்களின் பழக்கம். விரோதத்தில் குச்சியைக் கிழித்துப் போட்டுவிட்டு ஓடுகிறவன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டான்.

கடைசியாகக் கிழக்கு வரப்புக்கு வந்தோம். என் தீக்குச்சிகள் அங்கேயே கிடந்தன. பக்கத்தில் ஒரு வேப்பமரம். வெட்டு ஆட்கள் மத்தியானம் உட்கார்ந்து பீடி பிடிக்கிற இடம் அது, குச்சி கிடக்காமல் என்ன செய்யும்? சார் குனிந்து வாய்க்கால் மண்ணைக் கட்டைவிரலால் அழுத்தினார். மேலே காய்ந்திருந்தாலும் உள்ளே மெத்தென்று இறங்கியது.

"இங்க ஏது ஈரம்?"

"நம்ம குழாய்த் தண்ணியா இருக்கும் சார். நான்கூட அன்னிக்கு வழுக்கி விழுந்தேன். பேண்டெல்லாம் சேறு."

"நம்ம வண்டி எங்க நின்னுது?"

"வடக்கே சாலையில."

"குழாய் இது வரைக்கும் எட்டுமா?"

எட்டாது. பாதி தூரம்கூட எட்டாது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெட்டுக்கு நிற்கும் கரும்புக்கு ஒரு மாதமாகவே யாரும் தண்ணீர் பாய்ச்ச மாட்டார்கள். அப்படிப் பாய்ச்சியிருந்தால் ஒரே காரணம்தான், பக்கத்துக் கொல்லைக்குத் தீ போகக்கூடாது. பக்கத்துக் கொல்லை தங்கையுடையது. மோட்டார் கொட்டகைச் சாவி ஒரே ஆளிடம்தான் இருக்கும். தடயத்தில் முழங்கால் வரை விழுந்து எழுந்து, வீட்டுக்குப் போய் அதைச் சோப்புப் போட்டுத் துவைத்துக் காயவும் போட்டவன் நான்.

கலியமூர்த்தி வீட்டில் இருந்தார். ஐம்பது வயது, நல்ல மனிதர் என்று பெயர் எடுத்தவர். தண்ணீர் கொடுத்தார், குடித்தோம். சார் ஊர் நிலவரம், மழை நிலவரம் எல்லாம் பேசிவிட்டு, சாதாரணமாகக் கேட்டார்.

"வாய்க்காலுக்குத் தண்ணி எப்ப வுட்டீங்க?"

கலியமூர்த்தி சொம்பைக் கீழே வைத்தார். பிறகு தானாகவே வந்தது.

"இந்த வருசம் மழ வுடாம பேஞ்சு வெட்டெல்லாம் தள்ளிப் போச்சுங்க. என் கரும்பு பூத்துடுச்சு. தெனம் காலையில போய் நின்னா, வெள்ளையா பூவு ஆடிக்கினு நிக்குது. உள்ள சாறு வத்தி நெட்டி வுழுந்து எட கொறையுது. பாக்கப் பாக்க வயிறு எரியுதுங்க. எனக்கு வேற வழி தெரியல."

"ஏழுமல பேரு?"

"சத்தியமா நான் சொல்லலீங்க."

"இல்லன்னும் சொல்லலியே," என்றார் சார்.

கலியமூர்த்தி தலை குனிந்தார். எலிக்கும் கீரிக்கும் வழி விட்ட மனிதர், ஏழுமலைக்கு மட்டும் விடவில்லை. எனக்கு அவர் மேல் கோபம் பொங்கியது. அடுத்த நிமிடமே என் அறிக்கை ஞாபகத்துக்கு வந்து கோபம் பாதியில் நின்றுவிட்டது. அவர் வாயைத்தான் மூடிக்கொண்டார், எழுதிக் கையெழுத்துப் போட்டது நான்தானே?

அதற்கு மேல் தகராறு ஒன்றும் செய்யாமல் கலியமூர்த்தி சட்டையைப் போட்டுக்கொண்டு எங்கள் வண்டியிலேயே போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தார். நான் பழைய அறிக்கையைக் குறுக்கே அடித்து, தவறு என்று என் கையாலேயே எழுதி, புதியதை எழுதினேன். அடித்ததையும் சேர்த்தே அனுப்பச் சொன்னார் சார். சாயங்காலத்துக்கு முன்னால் ஏழுமலை வெளியே வந்துவிட்டார். இரண்டு நாள் பெஞ்சில் உட்கார்ந்து இடுப்புப் பிடித்துக்கொண்டது என்றார். அஞ்சலை அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போன வேகத்தில் எனக்கு மன்னிப்புக் கேட்கக்கூட நேரம் கிடைக்கவில்லை. வழக்கு கலியமூர்த்தி பேரில் திரும்பி, அபராதத்தோடு முடிந்தது.

சார் அதோடு விடவில்லை. "இன்னும் பத்துக் கொல்ல பூத்து நிக்குது. பத்துத் தீப்பெட்டியும் தயாரா இருக்கும். எரிஞ்சப்புறம் போய்த் துப்பு கண்டுபுடிக்கறது இன்னா பெரும? எரியாமப் பாக்கணும்," என்று ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு கூட்டம் போட்டார். விவசாயிகள் பெஞ்சுகளில் உட்கார்ந்தார்கள். ஆலையில் வெட்டு வரிசை போடும் ஃபீல்டுமேன் நட்ட தேதிப் பட்டியலோடு வந்தார். கலியமூர்த்தி கடைசி பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். வெட்டு ஆட்கள் வெளியே ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

ஒரு மணி நேரம் ஆளுக்கொன்று பேசினார்கள். காவலுக்கு ஆள் போடலாம் என்றார் ஒருவர். தீ வைத்தவனை ஊரை விட்டுத் தள்ளி வைக்கலாம் என்று ஒருவர் ஆரம்பித்து, கலியமூர்த்தியைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். சார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"ஏழுமல, உள்ள வா. கரும்பு ஏன் எரியுது, நீ சொல்லு."

ஏழுமலை உள்ளே வந்து கதவோரம் நின்றார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"நட்ட தேதிய வெச்சுக்கினு இன்னா சார் பண்றது? ஒரே நாள்ல ரெண்டு கொல்லையில நடறாங்க. மேட்டுக் கொல்ல சீக்கிரம் பூத்துடும். பள்ளக் கொல்ல இன்னும் ஒரு மாசம் தாங்கும். தேதிய பாக்காதீங்க, கரும்பப் பாருங்க. பூத்தத மொதல்ல வெட்டுங்க. மத்தவங்க காத்துக்கினு இருப்பாங்க. தாங்கற கரும்புல எவன் சார் நெருப்பு வெப்பான்?"

ஃபீல்டுமேன் பேனாவை எடுத்தார். முன் பெஞ்சில் இருந்த தனகோடி என்ற பெரிய விவசாயிக்கு மட்டும் மனசு ஆறவில்லை.

"இவ்ளோ தெரிஞ்சவன், அன்னிக்கு யாரு வெச்சதுன்னு தெரியாமயா இருந்த?"

"தெரியுங்க," என்றார் ஏழுமலை.

பெஞ்சுகளில் இருந்தவர்கள் எல்லாம் கதவுப் பக்கம் திரும்பினார்கள்.

"மொத நாளு கெழக்கால, வரப்புக்கு அந்தாண்ட தங்கச்சி கொல்லையில மூணு வரிச மட்டும் தோகைய உரிச்சு அப்புறப்படுத்துன்னு ஐயாதான் சொன்னாரு. நான்தான் உரிச்சேன். ஒரு பக்கம் மட்டும் எதுக்கு உரிக்கணும்? அப்பவே தெரிஞ்சு போச்சு."

"அப்புறம் ஏண்டா போலீசுல சொல்லல?"

"நீதான வெச்சன்னு கேட்டாங்க. இல்லன்னு சொன்னேன். யாரு வெச்சதுன்னு யாரும் கேக்கலீங்களே." என் பக்கம் திரும்பினார். முகத்தில் கோபம் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "இந்த சாரும் வந்தாரு. பீடி குடிப்பியான்னு கேட்டாரு. குடிப்பேன்னேன். எழுதிக்கினு பூட்டாரு."

பள்ளிக்கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். காது இரண்டும் சுட்டது. உண்மைதான், அந்த மனிதரிடம் நான் கேட்டது அந்த ஒரே கேள்விதான். எழுந்து, எல்லார் முன்னாலும், "தப்பு என்னுதுதான் ஏழுமல," என்றேன். அவர் பரவாயில்லை என்பது போலக் கையை ஆட்டினார்.

அப்போது கடைசி பெஞ்சிலிருந்து கலியமூர்த்தி எழுந்தார். துண்டைத் தோளிலிருந்து கையில் எடுத்துக்கொண்டார்.

"ஏழுமல... அடுத்தது எந்தக் கொல்லைய வெட்டலாம்? நீ சொல்லுப்பா."

ஏழுமலை ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். ஊரின் கரும்பையெல்லாம் மனசுக்குள் ஒரு சுற்று சுற்றி வருகிற மாதிரி நின்றார்.

"உங்க தங்கச்சி கொல்லைங்க. மூணு நாளா பூத்து நிக்குது. சீக்கிரம் வெட்டுங்க ஐயா. அந்தம்மா நேத்து கடையில ரெண்டு தீப்பெட்டி வாங்கிக்கினு போச்சு."

கூரை பறக்கிற மாதிரி சிரித்தார்கள். கலியமூர்த்தியும் சிரித்தார், சிரித்துக்கொண்டே துண்டால் கண்ணைத் துடைத்தார். ஃபீல்டுமேன் பட்டியலில் முதல் வரியை அடித்துவிட்டு அந்தக் கொல்லையை எழுதினார். எழுதி முடித்து, ஒரு பெஞ்சைக் கதவுப் பக்கம் நகர்த்திப் போட்டுவிட்டு, ஏழுமலையைப் பார்த்து, "அடுத்தது?" என்று கேட்டார். ஏழுமலை இந்தத் தடவை உட்கார்ந்தார்.